வருடம் 300 ரூபாய் சந்தா: எங்கள் வட்டார விவசாயிகள் சங்கத்தின் மடலும் குரல் செய்தியும்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் எனக்குப் பத்து மா நிலம். வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் மூன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். 2022 வரை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு நான் பார்க்கிறேன். வயல் வேலை எனக்குப் புதிதில்லை, நாற்றுப் பறித்து நடவு நட்ட கைதான். எந்தத் தேதிக்குள் எங்கே போய் எந்தக் காகிதத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அவர் அதையெல்லாம் டீக்கடையில் கேட்டுக்கொண்டு வருவார். எங்கள் ஊரில் ஒரு பெண் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து மேட்டூர் நிலவரம் கேட்க முடியாது.

அதனால் 2023 ஆனி மாதம் எங்கள் வட்டார விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்தேன். வருடச் சந்தா 300 ரூபாய். மாதம் ஒரு எட்டுப் பக்க மடல் தபாலில் வரும். தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் இரண்டு மூன்று நிமிடக் குரல் செய்தி வரும். அப்புறம் சங்க அலுவலகத்தில் இருக்கும் சில கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மூன்று சம்பாப் பருவம் பார்த்துவிட்டேன். சேரலாமா என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடமே சந்தாவுக்கு மேல் திரும்பக் கிடைத்தது. அந்த வருடம் ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். வழக்கமான நாளில் திறந்தாகிவிட்டது, இனி கவலையில்லை என்று நாங்கள் இருந்தோம். வழக்கம்போல சி.ஆர் 1009 நெல் ரகம் போடுவதாக நினைத்து விதைக்கும் சொல்லி வைத்திருந்தேன். அது 155 நாள் பயிர். ஆடி மாத மடலின் முதல் பக்கத்தில் அணையின் நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்குவதைக் கட்டம் போட்டுக் காட்டி, கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: போர்வெல் இல்லாதவர்கள் நீண்ட நாள் ரகத்தை நம்ப வேண்டாம், 130 நாளுக்குள் முடியும் ரகத்துக்கு மாறுங்கள். என் மாமியார், “உன் வீட்டுக்காரன் காலத்திலிருந்து ஆயிரத்தொன்பதுதானே” என்றார். இரண்டு நாள் யோசித்து டி.கே.எம் 13க்கு மாறினேன். அக்டோபர் 10ஆம் தேதி அணையை மூடிவிட்டார்கள். பிறகு மழை கொஞ்சம் கைகொடுத்தது. எனக்குப் பால் பிடிக்கிற வரைக்கும் ஈரம் இருந்தது. பக்கத்து வயல் அண்ணன் போட்ட ஆயிரத்தொன்பது கதிர் வெளிவருகிற நேரத்தில் காய்ந்தது. அவரும் நல்ல விவசாயிதான். மடலின் அந்தப் பக்கம் அவர் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மடலில் எனக்கு மிகவும் பிடித்தது பயிர்க் காப்பீட்டுப் பக்கம். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். இவர்கள் அக்டோபர் முதல் வாரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். சிட்டா, அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல் என்று எடுத்துப்போக வேண்டியதைச் சொல்லிவிட்டு, இதையும் சேர்த்திருப்பார்கள்: பொது சேவை மையத்தில் ரசீது வாங்கியதும் அங்கேயே நின்று சர்வே எண்ணையும் உட்பிரிவையும் சரிபாருங்கள், வருவாய்க் கிராமத்தின் பெயர் சரியா என்று பாருங்கள். சம்பா நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், மீதியை அரசுகள் கட்டுகின்றன. இந்த ஒரு வரிகூட எனக்கு மடலைப் படித்துத்தான் தெரியும்.

2024 கார்த்திகையில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழை எங்கள் வயல்களை மூழ்கடித்தது. வரப்பு தெரியவில்லை. எல்லாரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, 72 மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டால் காப்பீட்டுப் பணம் வந்துவிடும் என்று ஓடினார்கள். நானும் கிளம்பினேன். அன்று சாயங்காலக் குரல் செய்தி எட்டு நிமிடம் வந்தது. பேசுகிறவர் ஓய்வு பெற்ற வேளாண் உதவி அலுவலர். அவசரப்படாமல், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்வார். வயல் மூழ்கியதைத் தனித்தனி வயலாகக் கணக்கெடுக்கும் விதியை நெல்லுக்கு 2018இல் எடுத்துவிட்டார்கள், இப்போது ஊர்ச் சராசரிதான் கணக்கு என்று சொன்னார். அறுவடையின்போது 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு அறுத்து எடை பார்ப்பார்கள். கடந்த ஏழு வருடத்தில் நன்றாக விளைந்த ஐந்து வருடத்துச் சராசரியை எடுத்து, அதில் குறிப்பிட்ட விழுக்காட்டை அளவாக வைத்திருப்பார்கள். ஊர் மகசூல் அந்த அளவுக்குக் கீழே போனால்தான் பணம். அந்த 72 மணி நேரம் வேறு இடத்தில் உதவும்: அறுத்து வயலிலேயே காயப் போட்ட நெல் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தப்பிய மழையிலோ கெட்டால், அப்போது 14447 என்ற காப்பீட்டு உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

கேட்டதும் மனசு விட்டுப்போனது. ஆனால் பொய்யான நம்பிக்கையில் அலைவதை விட அது மேல். தை மாதம் மறுபடி நினைவூட்டினார், உங்கள் ஊரில் எந்தச் சர்வே எண்ணில் கட்டம் விழுகிறது என்று விசாரித்துப் போய் நில்லுங்கள், அறுப்பதையும் எடை போடுவதையும் பாருங்கள் என்று. போய் நின்றேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். கட்டத்தின் நாலு மூலையிலும் கயிறு கட்டுவதைப் பார்த்தேன், எடையை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். நெல் மூழ்குவதை 2026 காரிஃப் (ஜூனில் தொடங்கும்) பருவத்திலிருந்து மறுபடி தனி வயல் இழப்பாகச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தபோது, அதன் அர்த்தம் எனக்கு உடனே புரிந்தது. புரிய வைத்தது இந்தச் சங்கம்.

இன்னொன்று, ஈரப்பத மீட்டர். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், விதியைத் தளர்த்தியிருந்தால் ஒழிய, எடுக்க மாட்டார்கள். களத்தில் கொட்டிக் காயவைத்து, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி காவல் இருந்து நாங்கள் படுகிற பாடு பட்டவர்களுக்குத் தெரியும். சங்க அலுவலகத்தில் மீட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். நெல் குவியலின் நடுவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடிக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போன வருடம் முதல் நாள் 19 காட்டியது. வந்து இன்னும் ஒரு வெயில் கிளறிவிட்டேன். மறுநாள் 16 சொச்சம். அதன் பிறகுதான் டிராக்டருக்குச் சொன்னேன். ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தால் வாடகை, ஆள்கூலி எல்லாம் இரட்டிப்பு. இந்த ஒரு கருவிக்காகவே 300 ரூபாய் தரலாம். மீட்டர் ஒன்றே ஒன்று இருப்பதுதான் குறை. தை, மாசியில் வரிசை நிற்கிறது. இன்னும் இரண்டு வாங்க வேண்டும்.

விலைப் பக்கம் பயன்படாது. மடல் கைக்கு வரும்போது அந்த உளுந்து விலையும் பருத்தி ஏல விலையும் மூன்று வாரப் பழசு. விலைக்குக் குரல் செய்திதான். 2025 செப்டம்பரில் அரசு விலை மாறியதும், சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500, சன்ன ரகம் 2,545 என்று அன்றைக்கே சொன்னார்கள். எந்த ரகம் எதில் சேரும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். டி.கே.எம் 13 சன்ன ரகம், பில்லில் அப்படிப் போடுகிறார்களா என்று பார்த்து வாங்க இது உதவியது.

பொதுக்குழுப் படங்கள், பொன்னாடை போர்த்தும் படங்கள் இரண்டு பக்கம். குறைத்துக்கொள்ளலாம்.

கடைசிப் பக்க விளம்பரம் பற்றி மட்டும் கொஞ்சம் வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மார்கழி மடலில் மூன்றாம் பக்கத்தில் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி பற்றி அருமையாக எழுதியிருந்தார்கள்: தண்ணீரை வடித்துவிடுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், செயற்கை பைரித்ராய்டு மருந்து அடித்தால் நன்மை செய்யும் பூச்சிகள் செத்துப் புகையான் இன்னும் பெருகும், மருந்து அவசியமானால் தூரைப் பார்த்து அடியுங்கள். அதே மடலின் பின் அட்டையில் ஒரு பூச்சிமருந்துக் கலவையின் முழுப்பக்கக் கலர் விளம்பரம். எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். மூன்றாம் பக்கத்தை அவர் படிக்கவில்லை. பின் அட்டைப் படத்தைக் கிழித்துக்கொண்டு போய்க் கடையில் காட்டி அதையே வாங்கி அடித்தார். சங்கத்தின் மடலில் வந்திருக்கிறதே, நல்ல மருந்தாகத்தானே இருக்கும் என்றார். அவர் அப்படி நம்பியதில் தப்பே இல்லை. அச்சுச் செலவுக்கு விளம்பரம் வேண்டும் என்றால் டிராக்டர் உதிரிபாகம், தார்ப்பாய், சாக்கு விற்கிறவர்களிடம் வாங்கலாம். சந்தாவை 400 ஆக்கினாலும் தருவேன். மருந்து விளம்பரம் வேண்டாம். இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது பெயர் விவகாரம். நான் சேர்ந்தேன், நான் பணம் கட்டினேன், ஆனால் பட்டா அவர் பெயரில் இருந்ததால் உறுப்பினர் அட்டையில் அவர் பெயரையே எழுதிவிட்டார்கள். மாதா மாதம் தபால்காரர் வாசலில் நின்று அவர் பெயரைக் கூப்பிட்டு மடலைத் தருவார். அத்தை உள்ளே இருந்து அந்தக் குரலைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று இரண்டையும் வைத்து மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். பட்டா மாறும் வரை முடியாது என்றார்கள். பட்டா என் பெயருக்கு வந்த பிறகு 2025 ஆவணியில்தான் மாற்றினார்கள். இதே காரணத்தால் குத்தகைக்காரர்களும் உறுப்பினராக முடிவதில்லை. எங்கள் பக்கம் கோயில் நிலத்தையும் வெளியூரில் இருப்பவர்கள் நிலத்தையும் சாகுபடி செய்கிறவர்கள் எத்தனை பேர்! தண்ணீர் எப்போது வரும், காப்பீட்டுக்கு எது கடைசி நாள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். அடங்கலில் சாகுபடிதாரர் பெயர் இருந்தால் போதும் என்று விதியை மாற்றச் சொல்லி வருகிற பொதுக்குழுவில் பேசப் போகிறேன்.

சரி, சேர நினைப்பவர்களுக்கு. நீங்கள் ஏற்கெனவே அலுவலகங்களுக்குப் போய்வந்து பழகியவர், பத்திரிகை படிப்பவர் என்றால் மடலில் பாதி உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். மீட்டருக்காகச் சேரலாம். என்னைப் போல வீட்டிலிருந்து வயலையும் பார்த்துக்கொண்டு, சேதி சொல்ல ஆள் இல்லாதவர்கள் யோசிக்காமல் சேருங்கள். கட்டணம் இல்லாத அரசு விவசாயிகள் உதவி எண் (கிசான் கால் சென்டர்) ஒன்றை ஒவ்வொரு மடலின் தலைப்பிலும் போடுகிறார்கள், 1800 180 1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். மடலைக் கிழித்துப் போட்டாலும் அந்த வரியை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள்.

இந்த மாதக் குரல் செய்தி உளுந்து பற்றி ஓடுகிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், வயலில் மெழுகு பதம் இருக்கும்போது தெளிக்கச் சொன்னார்கள். தெளித்துவிட்டேன். பூக்கிற நேரத்தில் ஏக்கருக்கு இரண்டு கிலோ பயறு ஒண்டர் (பயறுக்கான ஊட்டச்சத்துக் கலவை) அடிக்க வேண்டுமாம், அதற்கு எங்கே பதிவு செய்வது என்று நாளைக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார் அந்த வேளாண் அலுவலர் சார்.

சேரப் போகும்போது ஆதார் நகல், பட்டா நகல், இரண்டு போட்டோ கொண்டுபோங்கள். ரசீதில் யார் பெயரை எழுதுகிறார்கள் என்று பார்த்த பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.