பழைய கேம்பர் வேனுக்கு எந்த ஹெட்லைட்: ரிலேயா, எல்.இ.டி.யா?

ஸ்காட்லாந்தில் லாக் லோமண்ட் ஏரியை ஒட்டிப் போகும் ஏ82 சாலை, டார்பெட்டைத் தாண்டி வடக்கே போனதும் ஒடுங்கிவிடும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தண்ணீர், நடுவே வளைந்து வளைந்து போகும் பாதை. ஓர் அக்டோபர் இரவு, மழையில், உள்ளேயே தங்கும் வசதியுள்ள எங்கள் 1987 மாடல் ஃபோக்ஸ்வேகன் டி25 கேம்பர் வேனை அந்த வழியாக ஓட்டினேன். பின்சீட்டில் பிள்ளைகள் இருவரும் பெல்ட் போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே லாரி வரும்போதெல்லாம் பிரைட்டில் இருந்து டிம்முக்கு மாற்றுவேன். மாற்றிய கணமே ஓரத்து வெள்ளைக் கோடு காணாமல் போய்விடும். அன்று முப்பது கிலோமீட்டரை எப்படிக் கடந்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்தது, எல்லோரையும் போல, எல்.இ.டி. பல்பு தேடியதுதான். அது தவறான தொடக்கம். அடுத்த ஒரு வருடத்தில் நான்கு வழிகளை என் வேனிலும் நண்பர் ஒருவரின் 1983 மாடலிலும் போட்டுப் பார்த்துவிட்டோம். பிரிட்டனில் டி25 என்றும், ஜெர்மனியில் டி3 என்றும், அமெரிக்காவில் வேனகன் என்றும் சொல்வது ஒரே வண்டியைத்தான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 7 அங்குல வட்ட விளக்கு, ஹெச்4 பல்பு (டிம்முக்கு ஓர் இழை, பிரைட்டுக்கு ஓர் இழை என இரண்டும் ஒன்றாக உள்ள ஹாலஜன் பல்பு). அதே அளவு வட்ட விளக்குள்ள வேறு பழைய வேன்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

டி25-ல் ஹெட்லைட்டுக்கென்று தனி ரிலே (சிறு கரண்டால் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) கிடையாது. முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியில் புறப்படும் கரண்ட் டேஷ்போர்டு சுவிட்ச், ஸ்டியரிங் தண்டில் உள்ள டிம்-பிரைட் சுவிட்ச், பியூஸ் பெட்டி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் பல்புக்கு வருகிறது. பிரைட்டில் இரண்டு 60 வாட் பல்புகள் என்றால் சுமார் 10 ஆம்பியர். முப்பத்தைந்து வருடப் பழைய தொடுமுனைகள் ஒவ்வொன்றும் அந்த வழியில் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டேஜைத் தின்றுவிடுகின்றன.

என் வேனில் இன்ஜினை ஓடவிட்டு, டிம் போட்டு, மல்டிமீட்டரில் பார்த்தேன். பேட்டரி முனையில் 13.9 வோல்ட். பல்பின் பின்னால், மஞ்சள் ஒயருக்கும் பழுப்பு ஒயருக்கும் இடையே 11.6. (ஜெர்மன் வண்டிகளில் மஞ்சள் டிம், வெள்ளை பிரைட், பழுப்பு எர்த்.) ஆக 2.3 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4-ஆவது அடுக்காகக் குறையும். பல்பு தயாரிப்பாளர்கள் சோதிக்கும் 13.2 வோல்ட்டில் கிடைப்பதை நூறு என்று வைத்தால், 11.6-ல் எனக்குக் கிடைத்தது அறுபத்தைந்துதான்.

இழப்பு எங்கே என்று பிரித்துப் பார்ப்பதும் எளிது. விளக்கு எரியும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பல்பின் மஞ்சள் ஒயரிலும் வையுங்கள். வருவது பாசிட்டிவ் பக்க இழப்பு. எனக்கு 1.7. அதேபோல் பழுப்பு ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.6. இந்த 0.6-ஐ ஒரு பைசா செலவில்லாமல் சரிசெய்தேன். பழுப்பு ஒயர்கள் சேரும் எர்த் முனையைக் கழற்றினால் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்கும் உலோகத்தில் மறுபடி முறுக்கினேன். 0.6 என்பது 0.1 ஆகிவிட்டது. வெளிச்சமும் அறுபத்தைந்தில் இருந்து எழுபத்தைந்தை ஒட்டி வந்தது.

எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்க விளக்கு மட்டும் மங்கலாக, செம்மஞ்சளாக எரிந்தால் அந்தப் பக்க எர்த்தையோ பல்பின் பிளக்கையோ பாருங்கள். டிம் போடும்போது பிரைட் இழையும் சேர்ந்து மினுக்கினால் சந்தேகமே வேண்டாம், எர்த் போய்விட்டது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் அடுத்த இழை வழியாக ஓடுகிறது. இரண்டு பக்கமும் டிம் இல்லை, பிரைட் மட்டும் எரிகிறது என்றால் பல்பை மாற்றிப் பயனில்லை, ஸ்டியரிங் தண்டு சுவிட்சைத்தான் பார்க்க வேண்டும். அரைமணி ஓட்டியதும் டேஷ்போர்டு சுவிட்ச் சூடாகி, பிளாஸ்டிக் வாடை வந்தால் அன்றே கவனியுங்கள். உள்ளே உருக ஆரம்பித்திருக்கும். இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப வெளிச்சம் ஏறி இறங்கினால் விளக்கை விட்டுவிட்டு பெல்ட், ஆல்டர்னேட்டர் பக்கம் போங்கள். பல்பு ஹோல்டர் பழுப்பாகக் கருகியிருந்தால் பீங்கான் ஹோல்டராக மாற்றிவிடலாம்.

வழி ஒன்று: பெரிய வாட், "பிளஸ்" பல்புகள்

100/90 வாட் ஹெச்4 பல்பு கடைகளில் கிடைக்கிறது. பழைய வேனில் அதைப் போடாதீர்கள். ஏற்கெனவே திணறும் சுவிட்சில் முன்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கரண்ட் ஓடும். வோல்ட்டேஜ் இழப்பும் அதே அளவு கூடும். சாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஹெச்4 என்பது 60/55 வாட் (பிரைட் 60, டிம் 55) மட்டும்தான்.

"பிளஸ் 100", "பிளஸ் 130" என்று வருபவை வேறு ரகம். வாட் அதே 60/55தான். இழையை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, வெளிச்சத்தைச் சாலையின் சில இடங்களில் குவிக்கிறார்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஆயுள் குறைவு. 11.6 வோல்ட் வரும் வண்டியில் இதைப் போடுவது காசைக் கரைப்பது. கண்ணாடியில் நீலப்பூச்சு உள்ளவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளையாகத் தெரிவதற்காக ஒளியின் ஒரு பகுதியை அந்தப் பூச்சே விழுங்கிவிடும்.

வழி இரண்டு: ரிலே ஒயரிங்

இரண்டு ரிலேக்கள், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியில் இருந்து பியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்று நேராக முன்பக்கம் வந்து, ரிலேயில் 30 என்று எண் குறித்த முனையில் சேரும். 87-இல் இருந்து பல்புக்கு. முன்பு பல்புக்குப் போன பழைய மஞ்சள், வெள்ளை ஒயர்கள் இப்போது ரிலேயின் 86-க்குப் போகும். 85 எர்த்துக்கு. பழைய சுவிட்ச் இனி சுமக்க வேண்டியது ரிலே காயிலுக்கான சொற்ப கரண்ட் மட்டும், அரை ஆம்பியர்கூட இல்லை. பியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பல்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நடுவில் ஒயர் உரசித் தகரத்தைத் தொட்டால், அந்த பியூஸால் பயனில்லை. டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி பியூஸ் வைத்தால் ஒன்று போனாலும் மற்றது எரியும். இருட்டில் இரண்டும் ஒன்றாக அணைந்தால் என்ன ஆகும் என்பதை ஏ82 மாதிரி ஒரு சாலையில் யோசித்துப் பாருங்கள்.

எர்த்துக்கும் புதிய ஒயர் இழுங்கள். பலர் பாசிட்டிவ் பக்கத்தை மட்டும் புதுப்பித்துவிட்டு, பாதிப் பயனைக் கோட்டைவிடுகிறார்கள். தயாராகவே விற்கும் ஒயரிங் செட் வாங்கினாலும் ஒயரின் கனத்தைப் பார்த்து வாங்குங்கள். மலிவானவற்றில் மேலுறைதான் பருமனாக இருக்கும், உள்ளே செம்பு மெலிசு.

ஒரு சனிக்கிழமை முழுக்க இந்த வேலைக்குப் போனது. முடித்து அளந்தால் பல்பில் 13.5 வோல்ட். அதே பழைய பல்பு, அதே கண்ணாடி. கணக்குப்படி பழைய நிலையைவிட ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான வெளிச்சம். என் மனைவி வீட்டு வாசலில் நின்று, "புது லைட் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். குறை ஒன்று உண்டு: முழு வோல்ட்டேஜ் கிடைப்பதால் பல்பு முன்போல நீண்ட நாள் உழைக்காது. ஹெச்4 பல்பு விலைக்கு அது பெரிய நஷ்டமில்லை.

வழி மூன்று: ஹாலஜன் விளக்குக்குள் எல்.இ.டி. பல்பு

இதைத்தான் முதலில் வாங்கினேன், பிரிட்டனில் வண்டிகளுக்கு வருடந்தோறும் நடக்கும் எம்.ஓ.டி. தகுதிச் சோதனையில் தோற்றேன். சோதித்தவர் சரியாகத்தான் செய்தார். 1986 ஏப்ரல் 1 முதல் ஓடத் தொடங்கிய வண்டிகளில் ஹாலஜன் விளக்குக்குள் ஹெச்.ஐ.டி. (செனான் வகை) அல்லது எல்.இ.டி. பல்பு போட்டிருந்தால் தேர்ச்சி தரக்கூடாது என்று 2021-இல் சோதனைக் கையேடு தெளிவாக எழுதிவிட்டது. நண்பரின் 1983 வேன் அந்தத் தேதிக்கு முந்தியது, அதனால் அந்த விதி அதைத் தொடாது. அப்படியும் அவர் அதைக் கழற்றிவிட்டார். காரணம் சட்டமில்லை, வெளிச்சம்.

ஹெச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைப்பதால்தான் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்து, எதிரே வருபவர் கண்ணுக்குக் கீழே ஒளி வெட்டிக்கொண்டு நிற்கிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு, கண்ணாடியின் வரிகள் எல்லாமே அந்த மெல்லிய இழை இருக்கும் துல்லியமான இடத்தை வைத்துக் கணக்கிடப்பட்டவை. எல்.இ.டி. பல்பில் ஒளி வருவது பட்டையான சில்லுகளின் இரு பக்கங்களில் இருந்து. ஒளி சிதறுகிறது. வேனுக்கு முன்னால் ஐந்தாறு மீட்டர் தரை வெள்ளை வெளேர் என்று மின்னுவதால் "ஆஹா" என்று தோன்றும். ஆனால் அந்தப் பக்கத்து வெளிச்சமே கண்மணியைச் சுருக்கிவிடும். தூரத்தில், நமக்கு உண்மையில் தேவைப்படும் இடத்தில், முன்பைவிட இருட்டு. எதிரே வருபவருக்குக் கண் கூசும். அவரும் நம்மைப் போல ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வருகிறவர்தான். நான்கில் இது ஒன்றை மட்டும் நான் முழுவதுமாக நிராகரிக்கிறேன்.

வழி நான்கு: முழு 7 அங்குல எல்.இ.டி. விளக்கு

இங்கே பல்பை மட்டும் அல்ல, கண்ணாடி, ரிஃப்ளெக்டர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுகிறோம். ஒளியியல் முழுவதும் எல்.இ.டி.க்கென்றே வடிவமைக்கப்பட்டது. நல்ல தயாரிப்பு என்றால் டிம்மில் ஒளியின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். கரண்ட் குறைவாக இழுப்பதால் பழைய சுவிட்ச் தப்பிக்கும். உள்ளே இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தைச் சமாளித்துக்கொள்ளும், ரிலே ஒயரிங் இல்லாமலேயே ஓடும். இது இதன் உண்மையான பலம்.

ஆனால் சந்தையில் இருப்பவற்றில் நல்லது எது என்று கண்டுபிடிக்கக் கண்ணாடியைப் படிக்கத் தெரிய வேண்டும். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்க வேண்டும்: 1 என்றால் ஜெர்மனி, 11 என்றால் பிரிட்டன் அங்கீகரித்தது. பக்கத்தில் அம்புக்குறியைப் பாருங்கள். விளக்கை நோக்கி நிற்பவருக்கு வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் அது பிரிட்டன், இந்தியா, இலங்கைபோல் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. இருபக்க அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். அம்பே இல்லை என்றால் வலப்பக்கம் ஓட்டும் ஐரோப்பாவுக்கானது. இங்கே போட்டால் அதன் ஒளி எதிரே வருபவர் முகத்தில் ஏறும். ஜெர்மனியில் இருந்து இறக்குமதியான, வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் கேம்பராக மாற்றிய பழைய வேன்களின் கண்ணாடி விளக்குகளிலும் இதே சிக்கல் உண்டு. "என் டிம்மைப் பார்த்து எல்லோரும் லைட் அடிக்கிறார்கள்" என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்த அம்பைத்தான் பார்க்க வேண்டும்.

குறைகள்: எல்.இ.டி. விளக்கின் முகம் சூடாவதில்லை, அதனால் பனி படிந்தால் தானாக உருகாது. சிலவற்றைப் போட்டால் ரேடியோவில் இரைச்சல் வரும். உள்ளே ஒரு பகுதி பழுதானால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். ஹெச்4 என்றால் பெட்ரோல் பங்கில்கூட பல்பு வாங்கி ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஊர் ஊராகத் திரியும் வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை. அப்புறம், பழைய வேனின் முகத்துக்கு வரி வைத்த கண்ணாடி தரும் அழகை இது தராது. எனக்கு அது முக்கியம்.

என் வேனில் இன்று இருப்பது

ரிலே ஒயரிங், 60/55 வாட் சாதாரண ஹெச்4, புதிய கண்ணாடி விளக்கு. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். பழைய ரிஃப்ளெக்டரின் வெள்ளி மங்கி, ஈரம் புகுந்து புள்ளிபுள்ளியாக உதிர்ந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. ஒயரிங்கில் கை வைக்கவே விருப்பமில்லை, குளிர்காலத்தில் அதிகம் ஓட்டுவதில்லை என்பவருக்கு அங்கீகாரம் பெற்ற முழு எல்.இ.டி. விளக்கு நல்ல தேர்வு. நண்பர் அதைத்தான் வைத்திருக்கிறார், அவருக்குத் திருப்தி.

எதைப் போட்டாலும் ஃபோகஸ் பார்க்கும்போது வேன் முகாமுக்குப் போகும் கோலத்தில் இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பின்னால் சாமான்களை ஏற்றி, சமதரையில் சுவரில் இருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிம் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் நடுமையத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். காலி வேனில் நான் சரிபார்த்த ஃபோகஸ், சாமான் ஏற்றி வேனின் பின்பக்கம் அமுங்கியதும் மரக்கிளைகளைக் காட்டியது.