கேலஸ் காசு என்று விற்கிறார்கள், பின்கழுத்தைப் பாருங்கள்

பிற்கால ரோமானியச் செப்புக்காசு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு. கான்ஸ்டான்ஷியஸ் கேலஸ் காசு என்று ஒரு ஆன்லைன் டீலர் எனக்கு விற்றது, உண்மையில் இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸ் காசு. ஆள் தெரியாமல் பெயர் மாறிப்போன விஷயம் இல்லை இது. சுரண்டி, மேலே பூசி, வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள்.

காசில் இருவர் பெயரும் கான்ஸ்டான்ஷியஸ்தான். இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸ் கி.பி. 337 முதல் 361 வரை பேரரசர். கேலஸ் அவருடைய சித்தப்பா மகன். 351 முதல் 354 வரை சீசர், அதாவது துணை ஆட்சியாளர். பின்பக்கமும் ஒன்றே: குதிரையோடு சாயும் எதிரியைச் சிப்பாய் ஈட்டியால் குத்துவான், சுற்றிலும் 'ஃபெல் டெம்ப் ரெபராஷியோ' (நல்ல காலம் திரும்பியது என்ற லத்தீன் வாசகம்) என்று இருக்கும். பேரரசர் காசு கொட்டிக் கிடக்கிறது. கேலஸ் காசு அவ்வளவு எளிதில் கிடைக்காது, அதனால் விலை அதிகம்.

பிரித்தறிய முன்பக்கம்தான் வழி. பேரரசர் தலையில் முத்துப் பட்டம் இருக்கும், பெயருக்குப் பின் பி.எஃப். ஏ.வி.ஜி. என்ற எழுத்துகள், அதாவது பேரரசர் பட்டப்பெயரின் சுருக்கம், வரும். சீசருக்கு வெறுந்தலை, பெயருக்குப் பின் சீசரின் பட்டப்பெயர்ச் சுருக்கமான என்.ஓ.பி. வரும்.

எனக்கு வந்த காசில் வெறுந்தலைதான். ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால், முடி இருக்க வேண்டிய இடத்தில் ஊசியால் இழுத்த மாதிரி ஒரே சீரான கோடுகள். கோட்டுக்குள் புதுச் செம்பு மின்னுகிறது. முத்துகளை வழித்தவர்கள், பட்டத்தை முடிந்து பின்கழுத்தில் தொங்கவிட்ட இரண்டு நாடா நுனிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். வெறுந்தலைக்கு நாடா எதற்கு? பெயர் முடியும் இடத்தில் மட்டும் மண் தடித்திருந்தது. அசிட்டோனில் ஊறவைத்தேன், பழுப்புப் பூச்சு கரைந்து, உள்ளே ஏ.வி.ஜி. தெளிவாகத் தெரிந்தது.

கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்தது என்றும் சொல்லித்தான் விற்றார். கரூரிலும் மதுரையிலும் பிற்கால ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பது உண்மை. அதனால்தான் இந்தக் கதை எடுபடுகிறது. எங்கே, எப்போது, யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று கேட்டால் பதிலே இல்லை. பணத்தைக் கேட்டதற்கு, "காசு பழசு சார், அது போதாதா?" என்றார். அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

அதே விவரிப்போடு வேறொரு காசு இப்போதும் விற்பனையில் இருக்கிறது. சாய்வான வெளிச்சத்தில் பின்கழுத்தையும் பெயரின் கடைசி எழுத்துகளையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள்.