எலுமிச்சைப் புல்லும் கனடாக் குளிரும்: தொட்டியா, தோண்டி எடுப்பதா, வருடா வருடம் புதுத் தண்டா?

டொரொன்டோ பக்கம் வீட்டுத் தோட்டத்தில் எலுமிச்சைப் புல் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் மூன்று கட்சி. பெரிய தொட்டியில் வளர்த்து, குளிர் வந்ததும் தொட்டியோடு வீட்டுக்குள் தூக்கி வருபவர்கள் ஒரு கட்சி. தரையில் நட்டு, உறைபனிக்கு முன் தோண்டி, நாலைந்து தண்டுகளை மட்டும் பிரித்து பேஸ்மென்ட்டில் காப்பாற்றி வைப்பவர்கள் இன்னொரு கட்சி. எதற்கு இந்த வம்பு, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு ஏப்ரலில் கடையில் புதுத் தண்டு வாங்குபவர்கள் மூன்றாவது. நான் தோண்டி எடுக்கும் கட்சி. அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோடையில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வெயில், தண்ணீர், கொஞ்சம் தழைச்சத்து கொடுத்தால் எங்கே வைத்தாலும் வளரும். மே மாதம் மூன்றாவது வாரத்தை ஒட்டி வரும் விக்டோரியா தின நீண்ட வார இறுதிக்கு முன்னால் வெளியே நட வேண்டாம். இரவில் 10 டிகிரிக்குக் கீழே போனால் வளராமல் சும்மா நிற்கும். தக்காளி வைத்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. அக்டோபரிலிருந்து மே வரை, வருடத்தில் பாதிக்கு மேல், இந்தச் செடியை எங்கே வைத்துக் குடித்தனம் நடத்துவது என்பதுதான் கேள்வி.

தொட்டிக் கட்சிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஜனவரியிலும் டீக்குப் பச்சை இலை கிடைக்கும். ஆனால் நன்றாக வளர்ந்த செடி என்றால் 15 அங்குலத் தொட்டியாவது வேண்டும், ஈர மண்ணோடு அதை மாடிப்படி ஏற்றிப் பாருங்கள், தெரியும். ஏற்றிய பிறகு தெற்குப் பார்த்த ஜன்னல் வேண்டும், அதிலும் டிசம்பர் வெயில் இதற்குப் போதாது, இலைகள் வெளுத்துச் சரிந்து சோபாவில் உட்காருபவர்களின் கையைக் கிழிக்கும். அப்புறம் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓட ஓட வீட்டுக் காற்று காய்ந்துபோகும், காய்ந்த காற்றில் சிவப்புச் சிலந்திப்பூச்சி வரும். இலையில் ஊசியால் குத்தின மாதிரி வெளிர் புள்ளிகள், அடிப்பக்கம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மெல்லிய வலை. பாத்ரூமில் நிறுத்தி ஷவரில் அலசினால் குறையும், ஆனால் சில நாட்களில் திரும்ப வரும், பக்கத்தில் இருக்கும் மற்றச் செடிகளுக்கும் தொற்றும். அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, அவர்கள் சின்னத் தொட்டியாக வைத்துக்கொள்வது நல்லது.

புதுத் தண்டு வாங்குவது சுலபம், காசும் அதிகமில்லை. கடையில் எடுக்கும்போது தண்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வட்டமாக, கெட்டியாக ஓர் அடித்தட்டு இருக்கும், வேர் அதிலிருந்துதான் வரும். அதைச் சீவி எறிந்துவிட்டு விற்பதும் உண்டு, அந்தத் தண்டு குழம்புக்குத்தான் ஆகும். ஃபிரீசரில் இருப்பதும் முளைக்காது. நல்ல தண்டாகப் பார்த்து இரண்டு அங்குலத் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீரை அடிக்கடி மாற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். குறை என்னவென்றால், ஒற்றைத் தண்டு தூர் கட்டிப் பெருக்கவே கோடை போய்விடுகிறது. டீக்கு இலை போதும் என்றால் சரி. சமையலுக்குப் பருத்த தண்டு வேண்டுமென்றால் பெரும்பாலும் ஏமாற்றம்தான், அது பருக்க ஆரம்பிக்கும் நேரத்தில் பனி வந்து நிற்கும்.

தோண்டி எடுப்பதில் அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் மே மாதம் நடும்போதே வேரோடு சேர்ந்த ஒரு சின்னத் தூர் கையில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில், இரவு வெப்பநிலை 5 டிகிரியை நெருங்கும்போது தோண்டுங்கள். முதலில் கையுறை போட்டுக்கொண்டு இலையை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், வெட்டின இலையைக் காயவைத்தால் குளிர்காலம் முழுக்க டீக்கு ஆகும். சுற்றிலும் மண்வெட்டியால் வெட்டித்தான் கிளப்ப வேண்டும், வேர் தேங்காய் நார் மாதிரி மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரிக்க ரொட்டி வெட்டும் பழைய கத்தி நன்றாக வேலை செய்கிறது. நடுவில் இருக்கும் முற்றின தண்டுகளை விட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கும் இளசுகளில் நாலைந்தை வேரோடு எடுத்து 6 அங்குலத் தொட்டியில் வையுங்கள். மிச்சமெல்லாம் சமையலறைக்கு: மேல் தோலை உரித்து, துண்டு போட்டு, ஃபிரீசரில் வைத்தால் மறு கோடை வரை சூப்புக்கும் கறிக்கும் கவலையில்லை.

வைக்கும் இடம் 5 முதல் 10 டிகிரிக்குள் இருந்தால் போதும், வெளிச்சம் அதிகம் தேவையில்லை, வளரவிடாமல் தூங்கவைப்பதுதான் நோக்கம். பேஸ்மென்ட்டில் ஹீட்டர் எட்டாத மூலை பொருந்தும். முன்வாசல் படிக்குக் கீழே கோல்ட் ரூம், அதாவது சூடாக்காத சின்னச் சேமிப்பு அறை, உள்ள வீடாக இருந்தால் அங்கே வைக்கலாம், ஆனால் ஜனவரியில் வெளிச்சுவர் ஓரம் பூஜ்யத்துக்குக் கீழே போக வாய்ப்புண்டு, ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, உள் கதவுப் பக்கமாகத் தள்ளி வையுங்கள். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, மண் முழுக்கத் தூசியாகிவிடாத அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர். குளிரில் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான், தாகம் அல்ல. பிப்ரவரியில் பார்த்தால் காய்ந்த வைக்கோலாக இருக்கும், தூக்கி எறியத் தோன்றும். எறியாதீர்கள், அடித்தண்டை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, கொழகொழவென்று அமுங்கினால்தான் போய்விட்டது. மார்ச் கடைசியில் ஜன்னலுக்குக் கொண்டுவந்து தண்ணீர் விட்டால் காய்ந்த உறைக்கு நடுவிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கும்.

விதையிலிருந்து வளர்ப்பது பற்றியும் கேட்பார்கள். விதை பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் கேரளத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் வகை, இலைக்கு நல்லது, தண்டு மெலிந்திருக்கும். நான் சமையலுக்காக வளர்ப்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. அதேபோல் நான் சொல்வதெல்லாம் தெற்கு ஒன்டாரியோ கணக்கு. கால்கரியில் பருவம் இன்னும் குட்டை, அங்கே தரையை விட, சட்டென்று உள்ளே தூக்கக்கூடிய தொட்டியே மேலாக இருக்கலாம்.

முடிந்தால் இரண்டு தொட்டியாகப் பிரித்து வீட்டில் இரண்டு வேறு இடத்தில் வையுங்கள். இரண்டுமே அழுகிப்போனால் ஏப்ரலில் கடை இருக்கவே இருக்கிறது, அடித்தட்டை மட்டும் மறக்காமல் பார்த்து வாங்குங்கள்.