தானாக ஊதும் லைஃப் ஜாக்கெட்டும் இடவப்பாதி மழையும்

கேரளத்துப் பூவாறில் ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்) ஓட்ட ஆசைப்படும் நண்பன், "மக்கா, நீ போடுற அந்த ஒல்லி ஜாக்கெட்டையே நானும் வாங்கட்டா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என்னுடையது தண்ணீரில் விழுந்தால் தானாக ஊதிக்கொள்கிற ஜாக்கெட். மிதப்பு விசை 150 நியூட்டன் ரகம், ஊதுவதற்கு 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். நெய்யாற்றுக் கழிமுகத்தில் சின்ன ஃபைபர் படகில் சில வருடங்களாகப் போட்டு வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மேட (சித்திரை) வெயிலில் ஃபோம் ஜாக்கெட் போட்டவர்கள் கொஞ்ச நேரத்தில் கழற்றி இருக்கைக்கு அடியில் திணித்துவிடுவார்கள். இது கழுத்தில் மடித்துப் போட்ட துண்டு மாதிரி கிடக்கும், போட்டிருப்பதே மறந்துபோகும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத் தானூரில் 2023 மே 7 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகு சாய்கிற நேரத்தில் ஜாக்கெட்டைத் தேடியெடுத்து மாட்ட யாராலும் முடியாது. நினைவு தப்பி விழுந்தாலும் முகத்தை மேலே திருப்பிப் பிடிக்கிற அளவுக்கு 150 நியூட்டனில் மிதப்பு இருக்கும். அந்த நம்பிக்கைக்காகத்தான் வாங்கினேன்.

அப்புறம் அந்த மாத்திரை! ஸ்பிரிங்கைப் பிடித்துவைத்திருப்பது தண்ணீரில் கரைகிற ஒரு சின்ன மாத்திரைதான். அது கரைந்தால் ஊசி பாய்ந்து சிலிண்டரைக் குத்தும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் எங்கள் ஊர்க் காற்றே பாதி தண்ணீர். கண்டல் காட்டுக்குள் போகும்போது, யாரும் விழாமலே, டப்பென்று வெடித்து ஊதிக்கொண்டது. மஞ்சள் பை இரண்டு கன்னத்தையும் இறுக்க, பக்கத்தில் என்ன வருகிறதென்று தலையைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை. இன்னொரு தடவை வீட்டில் ஆணியில் தொங்கும்போதே வெடித்தது. ஒவ்வொரு தடவையும் புது சிலிண்டரும் மாத்திரையும் சேர்ந்த கிட் வாங்கியாக வேண்டும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஃபோம் ஜாக்கெட்டே வாங்கிவிடலாம். நான் கேட்ட கடை எதிலும் கிட் இல்லை. விற்றவரைக் கேட்டால் "வெயிலில் காயவையுங்கள்" என்கிறார். ஜூன் மாதத்தில் எந்த வெயில்?

நியாயமாகப் பார்த்தால் ஈரம் படாமல் வைக்கும்படி கையேட்டில் எழுதித்தான் இருக்கிறது. நீரழுத்தம் பட்டால் மட்டும் ஊதுகிற ரகமும் உண்டு, மழைக்கு அது அசையாது, விலை கூடுதல். இதையெல்லாம் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் சிலிண்டரைக் கையால் திருகிப் பாருங்கள். எஞ்சின் அதிர்வில் அது தளர்ந்துவிடும், தளர்ந்திருந்தால் ஊசி குத்தாது. சிலிண்டரைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்து, அதன்மேல் பொறித்த எடையோடு ஒப்பிடுங்கள். வாயால் ஊதி ஒரு ராத்திரி விட்டால் கசிவும் தெரிந்துவிடும்.

ஜெட் ஸ்கீக்கு இது வேண்டவே வேண்டாம். அதில் விழுவதும் நனைவதும் சகஜம், முதல் தடவை விழுந்ததுமே சிலிண்டர் காலி. வேகத்தில் தண்ணீரில் மோதும்போது நெஞ்சைத் தாங்க ஃபோம் வேண்டும், இடுப்பு வரை பக்கிள் வேண்டும். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை ஜாக்கெட்டிலோ மணிக்கட்டிலோ மாட்டாமல் கிளம்பக் கூடாது. இன்னொன்று, எதிரில் ஏதாவது வந்தால் பயத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுவோம். பின்னால் பீய்ச்சுகிற தண்ணீர்தான் ஜெட் ஸ்கீயைத் திருப்புகிறது. அதை நிறுத்திவிட்டால் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும்.

என் தீர்ப்பு: எங்கள் பக்கத்து மழைக்கு மாத்திரை ரகத்தை யாரும் வாங்காதீர்கள். நான் இன்னொரு கிட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், மழை விட்டதும் மறுபடி அதைத்தான் போடுவேன். அதுவரை ஃபோம்தான்.