ஆன் ஆர்பரில் எதிரணி டிக்கெட்: 97-ஆம் எண்ணுக்காகவே கொடுக்கலாம் அந்தக் காசை

ஓஹையோ ஸ்டேட் - மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் நடக்கும். அந்த வருடங்களில், எங்கள் ஓஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் உள்ள நண்பர்கள் தவறாமல் என்னிடம் கேட்பது, 'அவ்வளவு விலை கொடுத்து அவர்கள் மைதானத்துக்குப் போகலாமா?' என்பதுதான். போகலாம். ஆனால் எந்த இடத்தில் உட்காருகிறீர்கள், யாரைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் டிக்கெட்டுக்கு மதிப்பு. நான் போனது 2021 நவம்பர் 27. 42-27 என்று தோற்றோம். எட்டு ஆட்டமாகத் தொடர்ந்து எங்களிடம் தோற்றுவந்தவர்கள் அன்று ஜெயித்தார்கள். அப்படியிருந்தும் அந்த டிக்கெட்டைப் பற்றி நல்லபடியாகவே எழுதுகிறேன் என்றால், காரணம் மிச்சிகனின் 97-ஆம் எண், டிஃபென்சிவ் எண்ட் (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நின்று எதிரணியின் பந்து எறிபவரைப் பிடிக்கப் பாய்பவர்) எய்டன் ஹட்சின்சன்.

முதலில் இடத்தைப் பற்றி. மிச்சிகன் மைதானம் 1927-இல் திறந்தது, ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. பள்ளம் தோண்டிக் கட்டியது, வாசலில் நுழைந்ததும் கீழே இறங்கவேண்டும். பெரும்பாலும் சாய்மானம் இல்லாத பெஞ்சுகள்தான். எண் எழுதிய இடம்தான் உங்களுடையது. நவம்பர் கடைசியில் ஆளாளுக்குத் தடித்த குளிர் அங்கி போட்டிருப்பார்கள், ஆகவே பக்கத்து ஆளின் முழங்கை உங்கள் விலாவில் இருக்கும். அன்று பனித்தூறல் வேறு. வெதுவெதுப்பான காலுறை இரண்டு ஜோடி போட்டுப் போங்கள், பெஞ்சில் விரித்துக்கொள்ள ஒரு மடிப்புத் துணி இருந்தால் நல்லது. கொலம்பஸிலிருந்து டொலிடோ வழியாக மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். மதிய ஆட்டத்துக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடவேண்டும்.

எல்லோரும் ஐம்பது கஜக் கோட்டுக்கு நேராக இடம் தேடுகிறார்கள். அது பந்தைப் பார்ப்பவர்களுக்கு. தடுப்பு ஆட்டக்காரரைப் பார்க்கவேண்டுமானால் மைதானத்தின் மூலையில், உயரமான வரிசையில் எடுங்கள். விலையும் குறைவு. அங்கிருந்து பார்த்தால் இரண்டு வரிசைகளும் எதிரெதிரே நிற்பதும், நடுவே விடும் இடைவெளியும், ஓரத்தில் நிற்பவர் எந்தத் தோளைக் குறிவைக்கிறார் என்பதும் தெளிவாகத் தெரியும். டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடுவதால் இது கிடைக்காது.

அந்த மூலையிலிருந்து நான் 97-ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன் பல முறை கையை ஊன்றாமல் நின்றபடியே இருந்தார். ஒரு முறை இடது ஓரம், அடுத்து வலது ஓரம். எங்கள் இரண்டு டேக்கிள்களும் (பந்து எறிபவரைக் காக்க வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்பவர்கள்) பெரிய உருவம், அதிலும் வலப்பக்கம் நின்ற டவான்ட் ஜோன்ஸ் ஒரு சுவர். பந்து அசைந்ததும் ஹட்சின்சன் முதலில் வெளிப்பக்கமாக இரண்டு எட்டு வைப்பார். டேக்கிள் அதை நம்பிப் பின்னால் சாய்ந்து இடுப்பைத் திருப்பினால் போதும், அதே நொடியில் உள்பக்கம் வெட்டி வந்துவிடுவார். திருப்பாமல் நின்றால் இரு கைகளையும் நெஞ்சில் வைத்துத் தள்ளிக்கொண்டே, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மடியில் கொண்டுபோய் விடுவார். இதில் என்னை மிகவும் கவர்ந்தது அந்தக் கைவேலைதான். டேக்கிள் நீட்டும் கையைத் தன் மேல் படவே விடவில்லை. மணிக்கட்டில் ஒரு தட்டு, அவ்வளவுதான், அடுத்த அடி ஏற்கெனவே விழுந்திருக்கும்.

அன்று மூன்று சாக், அதாவது பந்தை எறியுமுன்பே குவார்ட்டர்பேக்கைக் கீழே வீழ்த்துவது. சாக் ஆகாத ஸ்னாப்களில் செய்த சேதம் அதைவிடப் பெரிது என்பேன். எங்கள் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் 394 கஜம் எறிந்தார், கணக்கில் பார்த்தால் பிரமாதம். ஆனால் அவர் கால் ஒரு இடத்தில் நிலைக்கவில்லை. இடைவேளைக்கு முன் நல்ல இடங்களுக்குப் போய் இரண்டு முறை மூன்று புள்ளி மட்டும் தரும் ஃபீல்ட் கோலோடு திரும்பினோம், 14-13 என்று பின்தங்கினோம். லட்சம் பேர் கத்துகிற சத்தத்தில் ஸ்னாப் எண்ணிக்கை காதில் விழாமல், 97 எதிரே நிற்கிறார் என்ற பதற்றமும் சேர்ந்து, எங்கள் வரிசை திரும்பத் திரும்ப முன்கூட்டியே அசைந்து, தண்டனையாக ஐந்து கஜம் பின்னுக்குப் போனது. மறு ஓரத்தில் மிச்சிகனின் டேவிட் ஓஜாபோ இருந்ததால் உதவிக்கு ஆள் எந்தப் பக்கம் அனுப்புவது என்ற குழப்பமும் இருந்தது.

எனக்குப் பக்கத்தில் மிச்சிகன் தொப்பியோடு ஒரு பெரியவர். இரண்டாவது சாக்குக்குப் பிறகு என் சிவப்பு அங்கியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'இவன் அப்பா ஆடியதையும் நான் இங்கேதான் பார்த்தேன், அதே 97' என்றார். கிறிஸ் ஹட்சின்சன் 1992-இல் மிச்சிகன் கேப்டன். அப்பாவின் எண்ணைப் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊரான பிளிமத்திலிருந்து வந்த பையன், 2020-இல் கணுக்கால் எலும்பு முறிந்து பாதியிலேயே வெளியேறியவர். நேராகப் புரொஃபஷனலுக்குப் போகாமல் இன்னொரு வருடம் கல்லூரியிலேயே இருந்தது முக்கியமாக இந்த ஆட்டத்துக்காகத்தான் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். ஆட்டத்தைப் பார்த்த எனக்கும் அதை மறுக்கத் தோன்றவில்லை.

கொலம்பஸில் இதை ஒத்துக்கொள்ள ஆள் கிடையாது. மிச்சிகன் வாரம் என்றால் எங்கள் வளாகத்தில் பலகைகளில் உள்ள எம் எழுத்துகள் மேலெல்லாம் சிவப்பு டேப் ஒட்டும் ஊர் இது. என் நண்பன் திரும்பி வரும் வழியெல்லாம் எங்கள் பழைய டிஃபென்சிவ் எண்ட் சேஸ் யங்கை இழுத்து வாதாடினான்: "மச்சி, அவன் கை குட்டைடா. நம்ம சேஸ் யங் பக்கத்துல நிக்க முடியுமா?" கை விஷயம் உண்மைதான். புரொஃபஷனல் அணிகளின் 2022 தேர்வு முகாமில் அளந்தபோது கை 32 அங்குலத்துக்குச் சற்றே மேல், ஓரத்தில் ஆடுபவருக்கு அது குறைவு. ஆனால் அதே முகாமில் கூம்புகளைச் சுற்றி வளைந்தோடும் சோதனையில் 6.73 விநாடி. ஆறடி ஏழங்குலமும் 260 பவுண்டும் உள்ள ஆள் அப்படித் திரும்புவது அபூர்வம். நீளக் கை இல்லாததைக் கால்களும் மணிக்கட்டும் ஈடுகட்டுகின்றன.

சேஸ் யங்கோடு ஒப்பிட்டால், எனக்கும் யங்தான் கூடுதல் திறமை. 2019-இல் 16.5 சாக், ஓஹையோ ஸ்டேட் வரலாற்றில் ஒரே ஆண்டில் அதிகம். முதல் அடியின் வேகத்தில் ஹட்சின்சன் அவரை நெருங்கமாட்டார். ஆனால் அந்த 2019 ஆட்டத்தில் மிச்சிகன் யங்குக்கு ஒரு சாக் கூடக் கொடுக்கவில்லை. 56-27 என்று நாம் அடித்துத் துவைத்த ஆட்டத்திலும் அவரை மட்டும் கட்டிவைத்தார்கள். 2021-இல் நாம் ஹட்சின்சனுக்கு அந்த மரியாதையைத் தரவில்லை. டேக்கிளைத் தனியாக விட்டு, பந்தை நீண்ட நேரம் கையில் வைத்து எறிகிற ஆட்டம் ஆடினோம். அப்புறம் டிசம்பர் 31-இல் ஆரஞ்சு பவுல் என்ற அரையிறுதியில் மிச்சிகனை எதிர்த்து ஆடிய ஜார்ஜியா பாடம் எடுத்தது: பந்தைச் சீக்கிரம் கைமாற்றினார்கள், ஓரத்தில் உதவி வைத்தார்கள், 97-க்கு ஒரு சாக்கும் இல்லை, 34-11 என்று ஜெயித்தார்கள். எனவே என் கணிப்பு இதுதான்: தனியாக விட்டால் எந்தக் கல்லூரி டேக்கிளையும் தோற்கடிக்கக்கூடியவர், திட்டம் போட்டு வந்தால் அடக்கமுடியாதவர் இல்லை. அந்த வருடம் மொத்தம் 14 சாக், மிச்சிகனில் அதற்கு முன் யாரும் தொடாத எண்ணிக்கை. ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் இரண்டாவது இடம், அதாவது எங்கள் ஸ்ட்ரவுட்டுக்கும் மேலே. தடுப்பு ஆட்டக்காரருக்கு அது அடிக்கடி கிடைப்பதில்லை. இரண்டுக்கும் முழுத் தகுதி உண்டு.

டிக்கெட்டுக்கு வருகிறேன். குளிர், நெருக்கடி, தோற்றபின் மைதானத்துக்குள் பாய்ந்த கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அரை மணி நேரம், எல்லாம் கழித்தும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டால் சுற்றியிருப்பவர்கள் மரியாதையாகவே நடந்துகொள்கிறார்கள். அடுத்த முறை போகிறவர்களுக்கு ஒன்று: கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். தடுப்பு வரிசைக்காரர்கள் ஆட்டத்துக்கு முன் ஜோடி ஜோடியாக நின்று கைவேலையைப் பழகுவார்கள். அவர்கள் எந்த முனையில் பழகுகிறார்கள் என்று பார்த்து, இருக்கைக்குப் போகுமுன் அந்தப் பக்கப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.