ஒரே மதர்போர்டு, இரண்டு ப்ராசஸர்கள்: ஆறாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2020 ஜனவரியில் சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்களை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையின் மீது வைத்து நானே பூட்டிய கணினி இன்றும் அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. ஏஎம்டி ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு என அன்றைய நடுத்தர விலைக்கு அமைந்த கூட்டணி அது. ப்ராசஸரைத் தேர்ந்தெடுக்கப் பல வாரங்கள் செலவிட்ட நான், மதர்போர்டைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி ஐந்தே நிமிடத்தில் வாங்கிவிட்டேன். ஆனால் கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது அந்த மதர்போர்டுதான்.

முதல் எட்டு மாதங்கள் ரேம் தன் முழு வேகத்தில் இயங்கவே இல்லை. பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தாலும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்துக்குக் கொண்டுவரும் எக்ஸ்எம்பி அமைப்பை நாமே இயக்காதவரை அது 2133-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை டாஸ்க் மேனேஜரைத் தற்செயலாகத் திறந்த ஒரு நாளில்தான் அறிந்தேன்.

மின்சாரம் வேறு விதமாகப் படுத்தியது. மின்தடையின்போது மின்விசிறிகள் தடையின்றிச் சுழல, கணினி மட்டும் அணைந்து மீண்டும் எழும். எங்கள் வீட்டுப் பழைய இன்வெர்ட்டர் சதுர அலை வகை. உள்வாங்கும் மின்சாரத்தைச் சீர்செய்யும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று கொண்ட எஸ்எம்பிஎஸ்களில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிகளில்) பல அதனுடன் ஒத்துப்போவதில்லை. சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

2024-இல் ப்ராசஸரை மட்டும் ரைசன் 5 5600-ஆக மாற்றினேன். பி450 மதர்போர்டுகளுக்கு, 5600 அடங்கிய 5000 வரிசை ப்ராசஸர்களின் ஆதரவு கிடையாது என்று 2020 மே மாதத்தில் அறிவித்த ஏஎம்டி, பயனர்களின் எதிர்ப்பைக் கண்டு அதே மாதத்திலேயே பின்வாங்கியதால்தான் இது இயன்றது. புதிய ப்ராசஸரை மதர்போர்டு அடையாளம் காண, பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும் என்பதில் கவனமாக இருந்த நான், ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றுவதில் கோட்டை விட்டேன். திருகுகளை எடுத்துவிட்டு நேராக மேலே இழுத்ததும், இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தப் பூசும், இறுகிப்போயிருந்த தெர்மல் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இந்தப் ப்ராசஸர்கள் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் ப்ராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. 1331 பின்களில் மூன்று வளைந்திருந்தன. அவற்றை மெல்லிய பிளேடு நுனியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது, கை நடுக்கம் அடங்கக் காத்திருந்த நேரத்தையும் சேர்த்து. கணினியைப் பத்து நிமிடம் கடும் வேலையில் ஓடவிட்டு, அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்து, பேஸ்ட் இளகியிருக்கும்போதே கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுப்பதே சரியான முறை.

புதியதிலும் ஆறு கோர்கள்தான், அதே 65 வாட் டிடிபிதான் (வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு). ஆனால் 3600-இல் 16 எம்பி வீதம் இரண்டாகப் பிரிந்திருந்த எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே உள்ள அதிவேக நினைவகம்), 5600-இல் ஆறு கோர்களுக்கும் பொதுவான 32 எம்பியாக இருக்கிறது. நான் வழக்கமாகச் செய்யும் காணொளி எக்ஸ்போர்ட்டில் ஏறத்தாழக் கால் பங்கு நேரம் மிச்சமாகிறது. மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் கணினி மின்விசிறியின் இரைச்சல் மட்டும் முன்புபோலவேதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் தூசு தட்டாவிட்டால் இன்னும் கூடும்.

பின்கள் நிமிர்த்தப்பட்ட 3600, பழைய பி450 மதர்போர்டு ஒன்றை வாங்கிப் பூட்டிய இரண்டாவது கணினியில் தம்பி மகனுக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.