டேபிள் சா ரிப்பேருக்கு குடுக்கப் போறீங்களா, இத படிச்சுட்டு குடுங்க. எனக்கு ஒரு மாச சம்பளம் போச்சு

மூணு வாரமா என் டேபிள் சா (மேசை நடுவுல வட்ட பிளேடு சுத்துற மரம் அறுக்குற மெஷின்) மரத்த கருக்கிட்டே இருந்துச்சு. நீளவாக்குல அறுத்தா ஃபென்ஸ் (பலகைய ஒட்டி நேரா தள்ளுறதுக்கு இருக்குற தடுப்பு) பக்கத்து ஓரம் மட்டும் தீஞ்சு போகும், பாதிக்கு மேல பலகைய தள்ள முடியாது, மோட்டார் திணறும். பிளேடு மழுங்கிருச்சுன்னு நெனச்சு புதுசு மாட்டுனேன், அப்பவும் அதே கருகல். அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும், புது பிளேடும் ஒரு பக்கமா கருக்குதுன்னா பிளேடோ ஃபென்ஸோ நேரா நிக்கலன்னு அர்த்தம்.

வீட்டுக்கே வந்து மெஷின எடுத்துட்டு போய் சரி பண்ணித் தர்றோம்னு ஆன்லைன்ல விளம்பரம் போடுற ரிப்பேர் கடை ஒண்ண கூப்பிட்டேன். வந்த ஆள், பிளேடு சைஸ் பாக்கணும்னு சொல்லி பிளேட புடிச்சிருக்குற நட்டுல ஸ்பேனர வச்சான். அப்புறம் என் கைய புடிச்சு பிளேடு மேல வச்சு, "ஆட்டிப் பாருங்க சார்"ன்னான். லொடலொடன்னு ஆடுச்சு. "ஆர்பர் (பிளேடு மாட்டுற தண்டு) தேஞ்சிருச்சு, ரெண்டு பேரிங்கும் போச்சு, இதோட ஓட்டாதீங்க, உங்க நல்லதுக்கு சொல்றேன்". அந்த ஒரு வார்த்தைல நான் விழுந்துட்டேன். நட்ட லூஸ் பண்ணா எந்த பிளேடும் ஆடத்தான் செய்யும்னு அப்ப தோணவே இல்ல. முழுப் பணமும் முன்னாடியே குடுத்தேன், ஒரு மாச சம்பளம்.

12 நாள் கழிச்சு மெஷின் வந்துச்சு. மொத பலகையே அதே எடத்துல கருகுச்சு, ரெண்டாவது பலகைய பிளேடு கவ்வி என் பக்கமா வீசிருச்சு, நான் பிளேடுக்கு நேரா நிக்காம ஓரமா நின்னதால தப்பிச்சேன். அப்புறம் தான் பாக்குறேன், பிளேடுக்குப் பின்னாடி நிக்குற ரைவிங் நைஃப காணோம். வெட்டுன மரம் மூடிகிட்டு பிளேட கவ்வாம இருக்கத்தான் அது இருக்கு, அத கழட்டிட்டு திரும்ப மாட்டாமலே அனுப்பிருக்கானுங்க.

போன் பண்ணா மொத நாள் "மரம் ஈரமா இருக்கும் சார்". மறுநாள் "நீங்க வேகமா தள்றீங்க". அப்புறம் டெக்னீஷியன் லீவு. பழைய பேரிங்க குடுங்கன்னு கேட்டேன், குப்பைல போட்டாச்சாம்.

கடைசில தெரிஞ்ச மரவேலைக்கார பெரியவர் ஒருத்தர் வந்தாரு. பிளக்க புடுங்கிட்டு, பிளேட முழுசா உசத்தி ஒரு பல்லுல மார்க்கர்ல புள்ளி வச்சு, மேசைல பிளேடுக்கு இணையா ஓடுற இடது பக்க பள்ளத்துல (மைட்டர் ஸ்லாட்) இருந்து அந்தப் பல்லுக்கு எவ்ளோ தூரம்னு முன்னாடி அளந்தாரு, பிளேட கையால சுத்தி அதே பல்ல பின்னாடி கொண்டு போய் மறுபடி அளந்தாரு. 1 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம், பிளேடோட பின்பக்கம் ஃபென்ஸ் பக்கமா சாஞ்சு நிக்குது, நடுவுல மாட்டுற மரம் கருகாம என்ன பண்ணும்? மேசைக்கு அடில பிளேட தாங்கி நிக்குற டிரனியனோட போல்ட்ட லேசா தளத்தி, தட்டி நேராக்கி, திரும்ப முறுக்குனாரு, முக்கா மணி நேரம், காசே வாங்கல. அடில பேரிங் மூடி மேல படிஞ்ச பழைய மரத்தூள் கூட கலையலன்னு காட்டுனாரு, எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. ஒண்ணையுமே மாத்தல, ஒரு மாச சம்பளம் வாங்கிருக்கானுங்க!

ஒவ்வொரு கோளாறையும் எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், கோவத்துல ஓட மாட்டேங்குது, இத மட்டும் புடிச்சுக்கோங்க. கருகுனா பிளேட சுத்தம் பண்ணுங்க, பல்லுல பிசின் ஒட்டியிருந்தாலும் கருகும். அப்புறம் ஸ்லாட்டுக்கு பிளேடு நேரான்னு அளங்க, அதே பல்ல வச்சே அளக்கணும், பிளேடு கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும் கணக்கு கெடாது. அது சரியானதும் தான் ஃபென்ஸ். எவனாவது பிளேடு ஆடுதுன்னா நட்ட நீங்களே முறுக்கிட்டு ஆட்டிப் பாருங்க. பழைய பார்ட்ட கைல வாங்காம பணம் குடுக்காதீங்க. ரைவிங் நைஃப் இல்லாம ஸ்விட்ச் போடாதீங்க.

என்னோட ரைவிங் நைஃப் இன்னும் அந்த ரிப்பேர் கடைக்காரன்கிட்ட தான் இருக்கு. இப்ப கூட போன் அடிச்சேன், கட் பண்றான்.